ஒரு லேப்பிலேயே மூச்சு வாங்குகிறதா? நீந்தும்போது சீக்கிரம் களைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாடிப்படி ஏறினால் இரைக்காது. பத்து கிலோமீட்டர் ஓடச் சொன்னால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடிவிடுவேன். ஆனால் நீச்சல் குளத்தில் இந்த முனையில் இறங்கி அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால்தான் திரும்பி வர முடியும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் நீச்சல் பழகிய எனக்கு முதல் எட்டு மாதம் இதே கதைதான். ஸ்டாமினா பத்தவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, இன்னும் வேகமாக, இன்னும் முரட்டுத்தனமாகக் கை காலை அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கோச் என் லேன் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வந்து விளிம்பைப் பிடித்ததும், "சார், குமிழியே வரலையே" என்றார்.

"என்ன குமிழி?"

"முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போது மூக்குலேருந்து குமிழி வந்துகிட்டே இருக்கணும். உங்களுக்கு ஒண்ணுகூட வரல. தம் கட்டிக்கிட்டே நீந்துறீங்க. நாளைக்குக் காலையில தம் கட்டிக்கிட்டு ஓடிப் பாருங்க, எவ்வளவு தூரம் போறீங்கன்னு."

மறுநாள் உண்மையிலேயே ஓடிப் பார்த்தேன். நாற்பது அடி எடுத்து வைப்பதற்குள் நின்றுவிட்டேன்.

நீச்சலில் சீக்கிரம் களைப்பவர்களில் பெரும்பாலானோருக்கு உடல் வலுவில் குறை இருப்பதில்லை. மூச்சை வெளியே விடாமல் வைத்திருப்பது, கால் தாழ்ந்து உடம்பு சாய்ந்துபோவது, முதல் லேப்பையே பந்தயம்போல் நீந்துவது, இந்த மூன்றும்தான் ஆளைத் தின்கின்றன. அதே வரிசையில் சரிசெய்ய வேண்டும். மூச்சைச் சரிசெய்யாமல் கை வீச்சை அழகாக்குவதில் பயனில்லை.

இங்கே நான் பேசுவது பெரும்பாலும் ஃப்ரீஸ்டைல் பற்றி, அதாவது குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் முறை. லேப் என்று சொல்வது 25 மீட்டர் குளத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. ஓரளவு நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. மிதக்கவே பழகாதவர்கள் முதலில் ஒரு பயிற்சியாளரிடம் போங்கள். எதைப் பழகினாலும் கால் ஊன்றும் ஆழத்தில், லைஃப்கார்ட் இருக்கும் நேரத்தில் பழகுங்கள்.

தண்ணீரில் மட்டும் ஏன் இப்படி?

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. ஓடும்போது காற்று நம்மைத் தடுப்பது பெரிதாகத் தெரிவதில்லை. நீந்தும்போதோ செலவாகும் சக்தியில் பெரும்பங்கு தண்ணீரின் எதிர்ப்பைச் சமாளிக்கவே போகிறது. அந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக (வேகம் × வேகம்) ஏறுகிறது, அதற்கு எதிராக ஒவ்வொரு வினாடியும் செலவிட வேண்டிய ஆற்றலோ ஏறத்தாழ வேகத்தின் கனமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் உழைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற நினைப்பு தண்ணீரில் எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று மூச்சு. தரையில் நினைத்த நேரத்தில் மூச்சு விடலாம். தண்ணீரில் தலை திரும்பும் அந்த ஒரு கணம்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு, கழுத்தளவு நீரில் நின்றாலே நீரின் அழுத்தம் நெஞ்சைச் சுற்றி அமுக்குவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது. புதிதாக இறங்குபவர்களுக்கு நெஞ்சு இறுகியதுபோல் தோன்றுவதில் இதற்கும் பங்கு உண்டு. பழகப் பழக அந்த உணர்வு மங்கிவிடும்.

முதலில் ஒரு சோதனை: எங்கே களைக்கிறது?

எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது. குளத்தில் இறங்கி, உங்கள் வழக்கமான வேகத்தில் இரண்டு லேப் நீந்திவிட்டு நில்லுங்கள். உடம்பில் எந்த இடம் முதலில் முறையிடுகிறது என்று பாருங்கள்.

கை கால் நன்றாக இருக்கிறது, மூச்சு மட்டும் இரைக்கிறது என்றால் மூச்சு விடும் முறைதான் காரணம். தொடை கனத்துப்போய், கூடவே மூச்சும் வாங்கினால் கிக்கை, அதாவது காலுதைப்பை, அளவுக்கு மீறி அடிக்கிறீர்கள், அல்லது கால் தாழ்கிறது. தோளும் கழுத்தும் வலித்தால் தலையைத் தூக்கியோ கையை இறுக்கியோ நீந்துகிறீர்கள். எல்லாம் சேர்ந்து களைக்கிறது என்றால் வேகம்தான் காரணம்.

அப்புறம், தொடைகளுக்கு இடையே வைத்துக்கொள்ளும் மிதவையான புல் பாய் (pull buoy) கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு, காலை அசைக்காமல் இரண்டு லேப் போய்ப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பாதிதான் களைத்தீர்களா? அப்படியென்றால் உங்கள் சக்தி காலில்தான் போய்க்கொண்டிருக்கிறது. புல் பாயோடும் அதே இரைப்பு என்றால் மறுபேச்சில்லை, மூச்சுதான்.

படி 1: மூச்சை உள்ளே இழுப்பதற்கு முன் வெளியே விடுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் ஒதுக்கினாலும் தகும்.

மூச்சு முட்டும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தத் தவிப்பை முதலில் கிளப்புவது இரத்தத்தில் சேரும் கார்பன் டைஆக்சைடு. தம் கட்டிக்கொண்டு நீந்தினால் அது வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகும். தலையைத் திருப்பி வாயைத் திறக்கும்போது நுரையீரல் ஏற்கெனவே பழைய காற்றால் நிரம்பியிருக்கும். அதன்மேல் இன்னும் கொஞ்சம் இழுக்கிறீர்கள். நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். நான்கு ஸ்ட்ரோக்கில் (ஒரு கை வீச்சு ஒரு ஸ்ட்ரோக்) நெஞ்சு வெடித்துவிடும்போல் இருப்பது காற்று இல்லாமல் அல்ல, போக வேண்டிய காற்று போகாததால்.

சிலர் மூச்சை விடவும் செய்வார்கள், ஆனால் தலையைத் திருப்பிய பிறகு. அந்தக் குறுகிய கணத்தில் விடுவது, இழுப்பது என இரண்டு வேலையும் நடக்காது. தலை கூடுதல் நேரம் வெளியே நிற்கும், இடுப்பு இறங்கும், அடுத்த ஸ்ட்ரோக் தடுமாறும். ஆகவே விடுவது முழுக்க நீருக்குள், இழுப்பது மட்டும் வெளியே.

பழகும் முறை இது. இடுப்பளவு நீரில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். சாதாரணமாக மூச்சு இழுத்து, முகத்தை நீருக்குள் வைத்து, வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று முனகுங்கள். முனகினால் மூக்கு வழியாகக் காற்று தானாகவே போகும், தம் கட்டவே முடியாது. எனக்குக் கோச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். "பாட்டு மாதிரி முனகுங்க சார், யாருக்கும் கேக்காது" என்றார். முதல் தடவை நான் முனகியது மூன்று வினாடிதான். குமிழிகள் கன்னத்தை உரசிக்கொண்டு காதுப் பக்கமாக மேலே போவது தெரிந்தது. எட்டு மாதமாக நீந்தியவனுக்கு அது புது அனுபவம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதை 20 தடவை செய்யுங்கள். நடுவில் நிறுத்தி இளைப்பாறாமல், இழு, முனகு, இழு, முனகு என்று ஒரே தாளத்தில் போக வேண்டும். இருபதும் முடிந்த பிறகும் மூச்சு வாங்காமல் இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள். வாங்கினால், இழுப்பது அதிகம், விடுவது குறைவு என்று பொருள்.

அடுத்தது, அதே விளிம்பைப் பிடித்து உடம்பை நீட்டி மெதுவாகக் கிக் அடித்துக்கொண்டே முனகுவது. முகத்தை முன்னால் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்சு எடுங்கள். பிறகு கையில் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகையான கிக்போர்டோடு ஒரு லேப். கடைசியாகக் கை வீச்சோடு. ஒவ்வொரு கட்டத்திலும் தாளம் குலையாமல் இருந்தால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

விடும் அளவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முகம் நீருக்குள் போனதுமே காற்று முழுவதையும் ஒரே மூச்சில் ஊதித் தள்ளாதீர்கள். நுரையீரலில் இருக்கும் காற்றுதான் நெஞ்சை மிதக்க வைக்கிறது. சீராக, இழை பிரியாமல் விட்டுக்கொண்டே வந்து, தலை திரும்பப்போகும் கடைசிக் கணத்தில் மிச்சத்தை "பூ" என்று ஊதுங்கள். வாயருகே இருக்கும் தண்ணீரும் விலகும். காலியான நுரையீரல் காற்றைத் தானாகவே உள்ளே வாங்கும், வாயைப் பிளந்து அள்ள வேண்டியதில்லை.

எத்தனை ஸ்ட்ரோக்குக்கு ஒரு மூச்சு? மூன்றுக்கு ஒருமுறை என்று பலரும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் மூச்சு எடுக்கப் பழகுவதற்கு அது நல்லது. ஆனால் ஏற்கெனவே மூச்சு வாங்கும் ஆளிடம் போய் இன்னும் குறைவாக மூச்சு எடு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு ஸ்ட்ரோக்குக்கு ஒருமுறை, வசதியான ஒரே பக்கம் எடுங்கள். நீண்ட தூரப் போட்டியாளர்களில் பலரும் பெரும்பாலும் அப்படித்தான் நீந்துகிறார்கள்.

தலை திரும்பும் விதமும் முக்கியம். வானத்தைப் பார்க்க வேண்டாம், பக்கத்துச் சுவரைப் பார்த்தால் போதும். ஒரு கண் நீருக்குள்ளும் ஒரு கண் வெளியிலும் இருக்க வேண்டும். தலை முன்னால் நகரும்போது அதன் பக்கவாட்டில் நீர்மட்டம் சற்றுப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் வாய் திறந்தால் தலையைத் தூக்காமலே காற்று கிடைக்கும். முதலில் நம்பிக்கை வராது. ஓரிரு தடவை தண்ணீர் குடித்த பிறகு வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீருக்குள் நீண்ட நேரம் தம் கட்டிப் பழகினால் ஸ்டாமினா கூடும் என்று நினைத்து அதை முயல வேண்டாம். முக்கியமாக, வேக வேகமாகப் பல தடவை மூச்சிழுத்துவிட்டு மூழ்குவது ஆபத்து. அது கார்பன் டைஆக்சைடைக் குறைத்துவிடுவதால், மூச்சு முட்டும் எச்சரிக்கையே வராமல் நீருக்குள் நினைவு தப்பலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதனால் இறந்திருக்கிறார்கள்.

படி 2: உடம்பைப் படுக்க வையுங்கள்

மிதப்பு விசை நெஞ்சை ஒட்டிச் செயல்படுகிறது, ஏனென்றால் காற்று இருப்பது அங்கேதான். உடலின் எடை மையமோ அதற்குக் கீழே, இடுப்புப் பக்கம். அதனால் சும்மா கிடந்தாலே பலருக்குக் கால் இறங்கும். தொடைத் தசை திரண்ட ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள் ஓட்டிகளுக்கும் இன்னும் சீக்கிரம் இறங்கும். கால் இறங்கினால், அம்பு மாதிரி போக வேண்டிய உடம்பு ஒரு பலகையைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளுவது மாதிரி ஆகிவிடும். நீங்கள் எவ்வளவு வலுவாகத் தள்ளினாலும் அந்தப் பலகை தண்ணீரை வாரிக்கொண்டுதான் போகும்.

இதற்குத் தீர்வு தலையில் இருக்கிறது. தலையின் எடை 4 முதல் 5 கிலோ. அதை முன்னால் தூக்கினால் மறுமுனையில் இடுப்பு இறங்கியே தீரும். எங்கே போகிறோம் என்று பார்க்கத்தான் தூக்குகிறோம். ஆனால் குளத்தின் தரையில் கோடு போட்டிருப்பதே நீங்கள் கீழே பார்ப்பதற்காகத்தான். பிடரி நீண்டு, பார்வை தரையில் சற்று முன்னால் விழும்படி வையுங்கள். நெஞ்சை ஒரு மெத்தையில் சாய்வதுபோல் லேசாக நீரில் அழுத்துங்கள். இடுப்பு மேலே வருவது தெரியும்.

பழகுவதற்கு, சுவரைக் காலால் உதைத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, அசையாமல் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று பாருங்கள். ஒருமுறை தலையைத் தூக்கியபடி, ஒருமுறை தாழ்த்தியபடி. வித்தியாசத்தைப் பார்த்தபின் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: காலைச் சும்மா விடப் பழகுங்கள்

தொடைத் தசைகள் உடம்பிலேயே பெரியவை, ஆக்சிஜனை அள்ளிக் குடிப்பவை. நீண்ட தூர ஃப்ரீஸ்டைலில் முன்னே கொண்டுபோவது பெரும்பாலும் கைதான். கால் உடம்பைச் சமநிலையில் வைத்திருந்தால் போதும். குறுந்தூரப் போட்டியாளர்கள் இரண்டு கை வீச்சுக்கு ஆறு கிக் அடிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நாமும் அடித்தால் இரண்டு லேப் தாங்காது. ஒரு கைக்கு ஒரு கிக், அதாவது இரண்டு கை வீச்சுக்கு இரண்டு கிக், அதுவே தாராளம்.

கிக் இடுப்பிலிருந்து வர வேண்டும். சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கினால் தொடை முன்னால் வந்து தண்ணீருக்குத் தடுப்புச் சுவராக நிற்கும். கணுக்கால் தளர்ந்து, பாதம் பின்னோக்கி நீண்டிருக்க வேண்டும். ஓடிப் பழகியவர்களுக்குக் கணுக்கால் இறுகியிருக்கும். கிக்போர்டைப் பிடித்து வெறும் கிக் அடித்தால் இருந்த இடத்திலேயே நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் போனவர்களும் உண்டு, அதில் நானும் ஒருவன். வீட்டில் குதிகால் மேல் மண்டியிட்டு உட்கார்ந்து பாதத்தின் மேற்புறத்தை மெதுவாக நீட்டிவிடுவது உதவும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம்.

ஒரு சின்ன அடையாளம். பின்னால் தண்ணீர் பெரிதாகத் தெறித்தால் காற்றை உதைக்கிறீர்கள். குதிகால் மட்டும் நீர்மட்டத்தைத் தொட்டு, கொதிக்கத் தொடங்கும் நீர்போல் லேசாகக் கலங்கினால் சரி.

படி 4: கை

கையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் களைப்பைப் பொறுத்தவரை இரண்டு தவறுகள்தான் முக்கியம். கை நீரில் இறங்கியதும் அதைக் கீழ்நோக்கி அழுத்துவது முதல் தவறு. அது தலையைத் தூக்கும், காலை இறக்கும், முன்னே நகர்த்தாது. முழங்கையைச் சற்று உயரத்தில் நிறுத்தி, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து பின்பக்கம் பார்க்கும்படி திருப்பி, அதன்பிறகு பின்னோக்கித் தள்ளுங்கள். விரல்களை மூடி, முஷ்டியோடு ஒரு லேப் நீந்திப் பார்த்தால் முன்கையும் ஒரு துடுப்பு என்பது புரியும்.

இறுக்கம் இரண்டாவது தவறு. நீருக்கு மேலே கை வரும் நேரம் அதற்கு ஓய்வு நேரம். அப்போதும் விரல்களை விறைத்து வைத்திருந்தால் தோள் எப்போது ஓய்வெடுப்பது?

ஒரு லேப்புக்கு எத்தனை தடவை கை நீரில் இறங்குகிறது என்று எண்ணுங்கள். 25 மீட்டருக்கு 30-ஐத் தாண்டினால் கை வழுக்குகிறது, அல்லது உடம்பு இழுக்கிறது. உயரத்தைப் பொறுத்து மாறும் என்றாலும் 18 முதல் 22 வரை பெரும்பாலானோருக்கு நல்ல இலக்கு. எண்ணிக்கையைக் குறைப்பதற்காக ஒவ்வொரு கைக்குப் பிறகும் நீட்டிப் படுத்துக்கொண்டு நின்று நின்று போக வேண்டாம். நின்ற வேகத்தை மறுபடி எடுப்பதும் செலவுதான்.

படி 5: முதல் லேப்பை வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் பாபி ஃபிங்க் 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 14 நிமிடம் 30.67 வினாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். 50 மீட்டருக்குச் சராசரியாக 29 வினாடி. பிரேசிலின் சீசர் சியேலோ 2009-ல் 50 மீட்டரை மட்டும் 20.91 வினாடியில் நீந்தினார். உலகின் மிகச் சிறந்த நீச்சல் வீரர்களுக்கே தூரம் கூடினால் வேகம் இவ்வளவு இறங்குகிறது. நாம் மட்டும் 200 மீட்டர் நீந்த இறங்கி முதல் 25-ஐ உயிரைக் கொடுத்து அடிக்கிறோம்.

இறங்கியவுடன் உடம்பு புத்துணர்ச்சியோடு இருக்கும், தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், பக்கத்து லேனில் ஒருவர் போய்க்கொண்டிருப்பார். மூன்றும் சேர்ந்து உங்களை விரட்டும். முதல் லேப்பை, இவ்வளவு மெதுவாகப் போனால் மூழ்கிவிடுவோமோ என்று தோன்றும் வேகத்தில் போங்கள். அது முடிந்ததும் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம்.

மெதுவாகப் போனால் கால் தாழ்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படியானால் படி 2 இன்னும் முடியவில்லை. வேகத்தை வைத்து அதுவரை அதை மறைத்துக்கொண்டிருந்தீர்கள்.

கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீரில் உடம்பு படுத்த நிலையில் இருப்பதாலும், நீரின் அழுத்தம் இரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுவதாலும், தரையில் அதே உழைப்புக்கு வரும் துடிப்பைவிட நிமிடத்துக்குச் சுமார் 10 குறைவாக இருக்கும். ஓட்டத்துக்கான எண்ணை எட்ட வேண்டும் என்று முயன்றால் தேவைக்கு மேல் உழைப்பீர்கள்.

படி 6: எட்டு வாரத் திட்டம்

வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 30 முதல் 40 நிமிடம். வாரக் கடைசியில் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் போடுவதைவிட இது பலன் தரும். தண்ணீரின் உணர்வு நான்கைந்து நாள் விட்டால் மறந்துபோகும்.

முதல் இரண்டு வாரம் தூரத்தை மறந்துவிடுங்கள். 20 முனகல், விளிம்பில் கிக், கிக்போர்டோடு நான்கு லேப், சுவரை உதைத்து மிதந்து போவது பத்து தடவை. அதன்பிறகு ஆறு லேப் ஃப்ரீஸ்டைல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுதாக அடங்கும்வரை ஓய்வு. ஒரு நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. சலிப்பாக இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் நான்காம் வாரத்தில் எட்டு லேப், நடுவில் 30 வினாடி மட்டும் ஓய்வு. எட்டாவது லேப் முதல் லேப்பின் நேரத்துக்குள்ளேயே முடிய வேண்டும். முடியவில்லை என்றால் முதல் லேப் வேகமாகப் போய்விட்டது. வாரத்தில் ஒரு நாள் புல் பாயோடு நான்கு லேப் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் அதையே நம்பியிருந்தால் கால் தாழும் குறை அப்படியே தங்கிவிடும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து இரண்டிரண்டு லேப்பாகச் சேருங்கள். 50 மீட்டர், 30 வினாடி ஓய்வு, ஆறு தடவை. ஏழாம் வாரத்தில் 100 மீட்டர் நான்கு தடவை, நடுவில் 45 வினாடி. எட்டாம் வாரத்தின் கடைசி நாள் 200 மீட்டரை நிற்காமல் முயன்று பாருங்கள். சிலருக்கு ஆறாம் வாரத்திலேயே வந்துவிடும், சிலருக்குப் பன்னிரண்டு ஆகும். எனக்குப் பதினொன்று ஆனது.

ஓய்வு எடுப்பதைத் தோல்வி என்று நினைப்பவர்களைப் பார்க்கிறேன். களைத்தபின் இழுக்கும் ஒவ்வொரு லேப்பிலும் தலை தூக்குவதையும் தம் கட்டுவதையும்தான் உடம்பு மறுபடி மனப்பாடம் செய்கிறது. ஸ்ட்ரோக் குலைந்ததும் நின்றுவிடுங்கள்.

மற்ற சில்லறை விஷயங்கள்

வயிறு முட்டச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரமாவது கழித்து இறங்குங்கள், வெறும் வயிற்றிலும் நெடுநேரம் நீந்த வேண்டாம். நீரில் இருந்தாலும் வியர்க்கும், தெரியாது என்பது மட்டும்தான் வித்தியாசம். குடிதண்ணீர் பாட்டிலை லேன் முனையில் வையுங்கள். தொளதொளவென்ற அரைக்கால் சட்டை நீரை அள்ளிக்கொண்டு வரும், உடம்போடு ஒட்டிய நீச்சலுடை போடுங்கள். கண்ணாடியில் நீர் கசிந்தால் தலையைத் தூக்கும் பழக்கம் வரும், அதனால் பொருத்தமான கண்ணாடி அவசியம்.

நீரின் வெப்பநிலையும் களைப்பில் பங்கு வகிக்கிறது. போட்டிக் குளங்களில் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வைத்திருப்பார்கள். 30-ஐத் தாண்டிய வெதுவெதுப்பான குளத்தில் உடல் சூடு வெளியேறாமல் சீக்கிரம் சோர்வு வரும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று இறங்கினால் மூச்சு கட்டுப்பாட்டை மீறி இரைக்கும், அதைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்துப் போராடக் கூடாது. கடல், ஏரியில் நீந்தப் போகிறவர்கள் திசை பார்க்கத் தலையைத் தூக்க வேண்டியிருக்கும் என்பதால் குளத்தைவிடச் சீக்கிரம் களைப்பார்கள். குளத்தில் முடிந்த தூரத்தில் பாதியை மட்டும் கணக்கில் வைத்து, துணையோடு, கரையை ஒட்டியே நீந்துங்கள்.

நடுக் குளத்தில் மூச்சு திணறினால் விளிம்பை நோக்கி வேகமாகப் பாய வேண்டாம். மல்லாந்து திரும்பி, காதுகள் நீருக்குள் இருக்கும்படி தலையைச் சாய்த்து, கையை விரித்துப் படுங்கள். மூச்சு சீரானதும் அப்படியே காலை மெல்ல அடித்து விளிம்புக்கு வந்துவிடலாம். இதைக் களைக்காத நாளிலேயே பத்துத் தடவை செய்து பாருங்கள்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய களைப்பு

மாடி ஏறினாலும் நடந்தாலும் களைக்கிறது என்றால் அது நீச்சல் பிரச்சினை அல்ல. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, ஆஸ்துமா, இதயக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம். நீந்தும்போது மட்டும் இழுப்புச் சத்தமும் இருமலும் வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். காற்றோட்டமில்லாத உள்ளரங்கக் குளத்தில் நீர்மட்டத்துக்கு மேல் தேங்கும் குளோரமின் வாயுக்களும் (குளோரின் வியர்வை போன்றவற்றோடு சேர்ந்து உண்டாகுபவை) மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். குளோரின் வாடை கண்ணை எரிக்கும் அளவுக்கு இருந்தால் வேறு குளத்தில் நீந்திப் பார்த்து ஒப்பிடுங்கள்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாவது, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத் திணறல், இளஞ்சிவப்பு நுரையோடு சளி வருவது, இவற்றில் எது வந்தாலும் உடனே வெளியேறி அவசர சிகிச்சைக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னது நுரையீரலில் நீர் கோத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது

மாதம் ஒருமுறை நான்கு லேப் நிதானமாக நீந்துங்கள். மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: மொத்த நேரம், கடைசி லேப்பின் ஸ்ட்ரோக் எண்ணிக்கை, நின்ற பிறகு ஒரு முழு வாக்கியம் பேச எத்தனை வினாடி ஆனது. என் நோட்டில் முதல் பக்கத்தில் "1 லேப், 31 ஸ்ட்ரோக், 2 நிமிடம்" என்று இருக்கிறது. நான்கு லேப் அன்று முடியவே இல்லை. ஒன்பது மாதம் கழித்து எழுதியது "4 லேப், 21, உடனே". மொத்த நேரம் பெரிதாகக் குறையவில்லை, அதற்காக நான் கவலைப்படவும் இல்லை.

மூன்று எண்ணும் ஒரு மாதம் முழுக்க அசையவில்லை என்றால் புதுப் பயிற்சி எதையும் தேடாதீர்கள். யாரையாவது லேன் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு லேப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வருகிறதா என்று மட்டும் அவர் சொன்னால் போதும்.